டென்னிஸில் ஜோகோவிச் 2016 ஜூனுக்கு அப்புறம் ஏன் விழுந்தார்? அந்த இரண்டு வருடத்தைப் பற்றிப் பேசலாம்

ஐந்தாவது_செட்:

ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற விஷயம், இன்று எழுதியே தீர்வது என்று உட்கார்ந்துவிட்டேன்.

2016 ஜூன் 5, பாரிஸ். பிரிட்டனின் ஆண்டி மரேயிடம் முதல் செட்டை 3-6 என்று விட்டுவிட்டு அடுத்த மூன்றையும் 6-1, 6-2, 6-4 என்று எடுத்து ஜோகோவிச் முதல்முறையாக பிரெஞ்சு ஓபனை ஜெயித்தார். நான்கு கிராண்ட்ஸ்லாம் பட்டமும் (ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், யுஎஸ் ஓபன்) ஒரே நேரத்தில் ஒரே ஆள் கையில், ஆண்கள் ஆட்டத்தில் 1969ல் ராட் லேவருக்கு அப்புறம் அதுதான் முதல்முறை. ராக்கெட்டால் செம்மண்ணில் ஒரு இதயத்தை வரைந்து அதற்குள் மல்லாந்து படுத்தாரே, அதைப் பார்த்துக் கண் கலங்கியவர்களில் நானும் ஒருவன். மறுநாள் தரவரிசையில் 16,950 புள்ளிகள். அதற்கு முன் யாரும் தொடாத உயரம்.

சரியாக 27 நாள். விம்பிள்டன் மூன்றாவது சுற்று, ஒன்றாம் எண் கோர்ட், எதிரே சாம் குவெரி. மழையால் இரண்டு நாளாக நடந்த ஆட்டத்தில் 7-6, 6-1, 3-6, 7-6 என்று தோற்றார். கிராண்ட்ஸ்லாமில் தொடர்ந்து 30 ஆட்டம் ஜெயித்து வந்த ஆள். 2009 பிரெஞ்சு ஓபனுக்குப் பிறகு கால் இறுதிக்கு முன்னால் அவர் வெளியேறியதே இல்லை.

அப்போது எல்லோரும் "ஒரு நாள் சறுக்கல்" என்றுதான் சொன்னோம். அடுத்து ரியோ ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே டெல் போட்ரோவிடம் இரண்டு டைபிரேக்கில் (6-6 என்று சமமான செட்டை முடிக்க ஆடுகிற கூடுதல் கேம்) தோற்று அழுதுகொண்டே வெளியே போனார். யுஎஸ் ஓபன் இறுதியில் வாவ்ரிங்காவிடம் தோல்வி. நவம்பரில் நம்பர் 1 இடம் மரேயிடம் போனது. 2017 ஆஸ்திரேலியாவில் இரண்டாவது சுற்றில் 117ஆம் இடத்தில் இருந்த இஸ்டோமினிடம் தோல்வி, 4 மணி 48 நிமிட ஆட்டம். நான் ஆபீஸில் உட்கார்ந்து போனில் ஸ்கோரைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஐந்தாவது செட்டில் கண்ணை நம்பவே முடியவில்லை. அப்படியே போய் 2018 மே மாதத்தில் 22ஆம் இடம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரிவு குவெரியிடம் தொடங்கவில்லை, பாரிஸில் அந்த இதயத்துக்குள் படுத்திருந்தபோதே தொடங்கிவிட்டது. 2012, 2014, 2015 என்று மூன்று முறை இறுதிவரை போய்த் தோற்ற கோப்பை அது. வருடக்கணக்கில் அந்த ஒன்றுக்காகவே காலையில் எழுந்த மனிதனுக்கு அது கிடைத்த மறுநாள் எதற்காக எழ வேண்டும் என்று உடம்புக்கே புரியாது. அந்த டிசம்பரில் போரிஸ் பெக்கர் பிரிந்து போகும்போது, கடந்த ஆறு மாதமாக ஜோகோவிச் பயிற்சிக் கோர்ட்டில் முன்பு போல நேரம் செலவிடவில்லை, அது அவருக்கே தெரியும் என்ற மாதிரி வெளிப்படையாகச் சொன்னார். மூன்று சீசனில் ஆறு கிராண்ட்ஸ்லாம் கூடவே இருந்து ஜெயித்த கோச் சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

சொந்தப் பிரச்சினைகள் இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதைத் தோண்டுகிற இழை இது இல்லை, தயவுசெய்து அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம். ஆட்டத்தை மட்டும் பேசுவோம்.

இயன்முறை_மதுரை:

நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் முழங்கையைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே! நான் பிசியோதெரபிஸ்ட், தினமும் கையும் தோளுமாகத்தான் என் பொழுது போகிறது, அதனால் இதை விட முடியவில்லை.

2017 விம்பிள்டன் கால் இறுதியில் பெர்டிச்சிடம் முதல் செட்டை இழந்து இரண்டாவதில் 0-2 என்று இருக்கும்போது கை முடியாமல் ஆட்டத்தை விட்டார். இரண்டு வாரத்தில் மிச்ச சீசன் முழுக்க ஆட மாட்டேன் என்று அறிவித்தார். அப்போது அவர் சொன்னது, இந்த முழங்கை ஒன்றரை வருடமாகத் தொந்தரவு செய்கிறது என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை வருடம் பின்னால் போனால் 2016 தொடக்கம் வருகிறது. பாரிஸில் இதயம் வரைந்த கையே வலித்த கைதான்.

சர்வ் போடும்போது முழங்கை என்ன பாடுபடுகிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. ராக்கெட் முதுகுக்குப் பின்னால் தொங்கும்போது முழங்கை நன்றாக மடங்கியிருக்கும், அடுத்த நொடிக்கும் குறைவான நேரத்தில் அது முழுக்க நீண்டு, கூடவே முன்கை உள்பக்கமாகத் திரும்பி, பந்தைத் தொட்டவுடன் அந்த வேகம் எல்லாவற்றையும் எதிர்ப்பக்கத் தசைகள்தான் பிடித்து நிறுத்த வேண்டும். ஒரு ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல் கூட இது நடக்கும். வலி உள்ள ஆள் என்ன செய்வார் தெரியுமா? அவராக எதையும் மாற்ற மாட்டார், உடம்பு அவருக்குத் தெரியாமலே மாற்றிவிடும். பந்தை இரண்டு விரற்கடை முன்னால் தூக்கிப் போடுவார், தோளைக் கொஞ்சம் சீக்கிரம் திறப்பார், கையை முழுசாக விடமாட்டார். என்னிடம் வருகிற சாதாரண கிளப் ஆட்டக்காரர்களிடமே இதைப் பார்க்கிறேன். "வலியே இல்லை மேடம், ஆனால் சர்வ் மட்டும் உள்ளே விழ மாட்டேங்குது" என்பார்கள். கையைப் பிடித்து அழுத்தினால் முகம் சுருங்கும்.

அதனால் மனசு, பசி என்று மட்டும் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதலில் வலி, அதனால் பயிற்சி குறைவு, அதனால் நம்பிக்கை குறைவு. பெக்கர் பார்த்த ஆறு மாதத்துக்குள் இதுவும் இருந்திருக்கலாம்.

நெட்_கார்ட்:

அக்கா சொல்வதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. மனசு மனசு என்று சொல்லியே நிறைய ஆட்டக்காரர்களின் காயத்தை மறைத்துவிடுகிறோம்.

கணக்கு_வாத்தியார்:

இரண்டு பேரும் காரணத்தைத் தேடுகிறீர்கள். நான் வேறு ஒன்றைச் சொல்கிறேன், காரணம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் போதும் என்பதை.

பெடரர் 2024ல் டார்ட்மவுத் பட்டமளிப்பு விழாவில் பேசியது ஞாபகம் இருக்கிறதா? 1526 ஒற்றையர் ஆட்டம் ஆடி, கிட்டத்தட்ட 80 சதவீதத்தை ஜெயித்திருக்கிறார். ஆனால் அவர் ஜெயித்த பாயின்ட் எத்தனை சதவீதம்? வெறும் 54. நூறு பாயின்ட் ஆடினால் 54 அவருக்கு, 46 எதிராளிக்கு. பெடரருக்கே அவ்வளவுதான் என்றால் டென்னிஸில் மன்னனுக்கும் மற்றவர்களுக்கும் இடைவெளி எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள்.

இப்போது அந்த 54ல் இரண்டைக் கழியுங்கள். நூறு பாயின்டில் இரண்டே இரண்டு. ஒரு ரிட்டர்ன் கோட்டுக்கு வெளியே, ஒரு இரண்டாவது சர்வ் நெட்டில். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது, அதே ஆள் அதே மாதிரிதான் ஆடுகிறார் என்று தோன்றும். ஆனால் நெருக்கமான செட்டெல்லாம் கைமாறிவிடும். குவெரியிடம் அவர் இழந்த மூன்று செட்டில் இரண்டு டைபிரேக். டெல் போட்ரோவிடம் இரண்டும் டைபிரேக். இஸ்டோமினிடம் இரண்டு டைபிரேக். 2018 ஆஸ்திரேலியாவில் சுங் ஹியோனிடம் 7-6, 7-5, 7-6. யாரும் அவரை நசுக்கவில்லை, ஒவ்வொரு தடவையும் கடைசி இரண்டு மூன்று பாயின்டில் கை நழுவியது. 2015ல் 82 ஜெயித்து 6 தோற்ற வருடத்தில் அதே பாயின்டெல்லாம் அவர் பக்கம் விழுந்துகொண்டிருந்தன.

அதனால் ஐந்தாவது செட் சாருடைய பசியும் சரி, அக்காவுடைய முழங்கையும் சரி, எது வேண்டுமானாலும் அந்த இரண்டு பாயின்டைத் தின்றிருக்கலாம்.

பால்பாய்_நுங்கம்பாக்கம்:

எல்லோரும் ஜோகோவிச் பக்கத்திலிருந்தே பார்க்கிறீர்கள். நெட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரையும் கொஞ்சம் பாருங்கள்.

நான் பள்ளியில் படிக்கும்போது சென்னை ஓபனில் பால் பாய். வாவ்ரிங்கா நம் ஊரில் 2011, 2014, 2015, 2016 என்று நான்கு தடவை ஜெயித்தவர். ஒரு நாள் அவர் பயிற்சி செய்யும்போது பின் சுவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்த ஒற்றைக் கை பேக்ஹேண்ட் பந்தில் படுகிற சத்தம் மற்றவர்கள் அடிக்கிற சத்தம் மாதிரியே இருக்காது, கனமான கதவைச் சாத்துகிற மாதிரி ஒரு சத்தம். பந்து என் பக்கத்தில் சுவரில் மோதியபோது பின்னால் நகர்ந்துவிட்டேன். ஆனால் அப்படி அடிக்கிறவரே வருடக்கணக்காக ஜோகோவிச்சிடம் தோற்றுக்கொண்டே இருந்தார். 2014 ஆஸ்திரேலியாவில் ஐந்தாவது செட்டில் 9-7 என்று ஒரு தடவை உடைத்தார், 2015 பாரிஸ் இறுதியில் இன்னொரு தடவை. அப்புறம் 2016 யுஎஸ் ஓபன் இறுதியில் முதல் செட்டை டைபிரேக்கில் இழந்தும் துளி கூட அசராமல் அடுத்த மூன்றையும் எடுத்தார். இவரைத் தோற்கடிக்க முடியும் என்று தெரிந்தவன் ஆடுகிற ஆட்டம் வேறு.

2016 ஜூன் வரைக்கும் பாதி பேர் ஜோகோவிச்சோடு கோர்ட்டுக்குள் நடந்து வரும்போதே தோற்றிருப்பார்கள். ஒரு நல்ல ஷாட் அடித்தால் அது திரும்பி வரும், இன்னொன்று அடித்தால் அதுவும் வரும், மூன்றாவதைக் கோட்டுக்கு மேல் அடிக்கப் போய் வெளியே போகும். குவெரி அன்றைக்கு 31 ஏஸ் (எதிராளி தொடவே முடியாத சர்வ்) போட்டார். 31! அப்படிப் போட முடிகிற ஆள்தான் அவர், ஆனால் அதை ஜோகோவிச்சுக்கு எதிராக, நாலாவது செட் டைபிரேக்கில் போட ஒரு துணிச்சல் வேண்டும். அதை உலகமே டிவியில் பார்த்தது. ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையில் எல்லோருக்கும் சேதி போய்விட்டது.

இஸ்டோமின் கதை தெரியுமா? 14 வயதில் கார் விபத்தில் கால் உடைந்து, இனி டென்னிஸ் வேண்டாம் என்று சொல்லப்பட்டவர். அவருக்குக் கோச் அவருடைய அம்மா. ஆசிய-பசிபிக் வைல்டு கார்டு (தரவரிசை போதாதவருக்கும் தருகிற சிறப்பு நுழைவு) போட்டியில் ஜெயித்துத்தான் அந்த ஆஸ்திரேலிய ஓபனுக்குள்ளேயே வந்தார். ஆட்டத்தின் நடுவே அவருக்குக் காலில் பிடிப்பு. அப்படியும் விடவில்லை. ஜோகோவிச் சரிந்தார் என்று மட்டும் எழுதினால் அந்த மனிதர் ஆடியதை யார் எழுதுவது? கோபமாகச் சொல்லவில்லை சார், மனசு கேட்கவில்லை.

ஐந்தாவது_செட்:

தம்பி, நீங்கள் சொன்னது உறைத்தது. இஸ்டோமின் பெயரை ஒரு அவமானக் குறி மாதிரி எழுதிவிட்டேன், தப்புதான்.

அக்கா, முழங்கையை ஒப்புக்கொள்கிறேன். நான் அதை 2017ல் வந்த காயமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், ஒன்றரை வருடக் கணக்கைப் பின்னால் தள்ளிப் பார்க்கவில்லை. ஆனாலும் முழுசாக விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

2017 மே 20, ரோம் அரையிறுதி. டொமினிக் தீம் என்ற ஆட்டக்காரரை 6-1, 6-0 என்று அடித்தார். அன்றைக்கு ஆடியவரைப் பார்த்து 2015 திரும்பி வந்துவிட்டது என்று வீட்டில் கத்தினேன். மறுநாள் இறுதியில் ஸ்வெரெவிடம் நேர் செட்டில் தோற்றார். மூன்று வாரத்துக்குள் பாரிஸ் கால் இறுதி, எதிரே அதே தீம், அதே செம்மண், அதே முழங்கை. முதல் செட் டைபிரேக்கில் போனது. இரண்டாவது 3-6. மூன்றாவது 0-6. இருபது நிமிடத்தில் முடிந்துபோனது. அந்த இருபது நிமிடத்தை நான் மறக்கவே மாட்டேன். பந்து பக்கத்தில் போகிறது, கால் நகரவில்லை. வலியில் முகம் சுளிக்கிற ஆள் இல்லை அது, வேறு எங்கோ இருக்கிற ஆள். தோற்பதை நிறைய தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் ஜோகோவிச் ஒரு பந்துக்கு ஓடாமல் நின்றதை அதற்கு முன் பார்த்ததில்லை. முழங்கை வலித்தால் சர்வ் போகும், கால் ஏன் போக வேண்டும்?

இயன்முறை_மதுரை:

கால் ஏன் போக வேண்டும் என்று கேட்டீர்களே, அது நியாயமான கேள்வி. என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்றரை வருடம் தினமும் வலியோடு எழுகிறவருக்கு முதலில் தீர்ந்துபோவது பொறுமை. அந்தப் பொறுமைதானே அவரை ஓட வைத்தது. நீங்கள் சொல்கிற மனசும் நான் சொல்கிற கையும் ஒரு கட்டத்துக்கு மேல் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டுவிட்டன என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. கத்தி வைக்காமலே கை சரியாகிவிடும் என்று அவர் மிகவும் நம்பினார். ஆறு மாதம் ஓய்வெடுத்து, 2018 ஆஸ்திரேலியாவுக்கு முழங்கையில் உறை மாட்டிக்கொண்டு, சர்வ் அசைவையே சுருக்கிக்கொண்டு வந்தார். சரியாகவில்லை. அந்தப் போட்டிக்குப் பிறகு ஆபரேஷன் செய்துகொண்டார். அதற்கப்புறம் இரண்டு மூன்று நாள் அழுததாக, தன் நம்பிக்கைக்கே துரோகம் செய்த மாதிரி இருந்ததாக அவரே பேட்டியில் சொன்னார். சின்ன ஆபரேஷன், ஆனால் அவருக்கு உள்ளே அது எவ்வளவு பெரிசாக இருந்திருக்கிறது பாருங்கள்.

பேஸ்லைன்_அப்பா:

யாருமே கோச் விஷயத்துக்கு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2016 டிசம்பரில் பெக்கர் போனார். 2017 மே மாதம் மரியான் வாய்டா, உடற்பயிற்சியாளர், பிசியோ என்று பழைய குழு முழுவதையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டார். "அதிர்ச்சி வைத்தியம்" என்று அதற்கு ஒரு பெயரும் சொன்னார்கள். வாய்டா 2006லிருந்து கூட இருந்தவர், கிட்டத்தட்ட இரண்டாவது அப்பா. அப்புறம் அகாசி, அப்புறம் ஸ்டெபானெக். அகாசி எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்று எனக்குத் தெரியும், 1997ல் 141ஆம் இடத்துக்கு விழுந்து, சின்ன சேலஞ்சர் போட்டிகளில் போய் ஆடி, 1999ல் பிரெஞ்சு ஓபன் ஜெயித்தவர். சரிவிலிருந்து எழுவது எப்படி என்று சொல்ல அவரை விடத் தகுதியான ஆள் யார்? ஆனாலும் ஒட்டவில்லை. 2018 மார்ச்சில் இந்தியன் வெல்ஸில் 109ஆம் இடத்திலிருந்த டாரோ டேனியலிடம் தோல்வி, மயாமியில் பெனுவா பேரிடம் தோல்வி, மாதக் கடைசியில் அகாசியும் பிரிந்தார்.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், என் மகள் 14 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் ஆடுகிறாள். போன வருடம் தொடர்ந்து ஐந்து போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றாள். நான் பதறிப்போய் கோச்சை மாற்றினேன். புதியவர் சர்வ் பிடியை மாற்றினார். இரண்டு மாதத்தில் இன்னொரு இடம், அங்கே பந்தைத் தூக்கிப் போடுகிற முறையை மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் "இது என்ன சர்வ்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். ஒரு நாள் சாயங்காலம் கோர்ட்டில் அவள் பந்தை மூன்று தடவை தூக்கிப் போட்டு மூன்று தடவையும் அடிக்காமல் பிடித்துவிட்டாள். நான்காவது தடவை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் யார் சொன்னபடி அடிப்பது என்ற கேள்வி இருந்தது. அன்றைக்குப் பழைய கோச்சிடமே கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஒன்றுமே சொல்லவில்லை, ஒரு கூடைப் பந்தைக் கொடுத்து, "பாப்பா, உனக்கு எப்படி வருதோ அப்படிப் போடு" என்றார்.

2018 ஏப்ரலில் ஜோகோவிச் வாய்டாவுக்கே போன் போட்டார் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. மான்டே கார்லோவில் வாய்டா திரும்ப வந்து உட்கார்ந்தார். உடனே எதுவும் மாறிவிடவில்லை, மான்டே கார்லோவில் தீமிடம், பார்சிலோனாவில் கிளிசானிடம், மாட்ரிடில் எட்மண்டிடம் என்று வரிசையாகத் தோல்விதான். ஆனால் சர்வ் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய அசைவுக்குத் திரும்பியது. ரோமில் அரையிறுதி வரை வந்து நடாலிடம் நன்றாக ஆடித்தான் தோற்றார்.

நெட்_கார்ட்:

பேஸ்லைன் அப்பா, உங்கள் மகள் இப்போது எப்படி ஆடுகிறாள் என்று சொல்லுங்கள் சார்.

பேஸ்லைன்_அப்பா:

போன மாதம் ஒரு போட்டியில் கால் இறுதி வரை போனாள். டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறுவது) இன்னும் இருக்கிறது, ஆனால் பந்தை அடிக்காமல் பிடிப்பதில்லை.

கணக்கு_வாத்தியார்:

சந்தோஷம் சார்.

தரவரிசை பற்றி ஒரு சின்ன விஷயம், புதிதாகப் பார்க்கிறவர்களுக்காக. 22ஆம் இடம் என்றதும் 22ஆவது சிறந்த ஆட்டக்காரராக ஆகிவிட்டார் என்று நினைக்கக் கூடாது. புள்ளிகள் 52 வாரத்துக்குத்தான். 2016ல் பாரிஸில் வாங்கிய 2000 புள்ளி 2017 பாரிஸ் முடிந்ததும் கழிந்துவிடும், கால் இறுதியில் தோற்றதால் அந்த இடத்தில் 360தான் வரும். அப்புறம் அரை வருடம் ஆடவே இல்லை, அங்கெல்லாம் பூஜ்யம். தோற்பதால் இறங்குகிற இறக்கமும் ஆடாததால் இறங்குகிற இறக்கமும் ஒரே எண்ணில் கலந்துதான் தெரியும். அதோடு சீடிங் (முன்னணி ஆட்டக்காரர்கள் தொடக்கச் சுற்றுகளிலேயே மோதாதபடி பிரித்து வைக்கிற ஏற்பாடு) போய்விட்டால் சீக்கிரமே பலமான ஆள் எதிரே வருவார், அது இன்னும் தோற்க வைக்கும்.

புல்தரை:

இதில் மரேயைச் சேர்க்காமல் பேசினால் படம் பாதிதான். ஜோகோவிச் தளர்ந்ததைப் பார்த்ததும் மரே 2016 கடைசியில் பெய்ஜிங், ஷாங்காய், வியன்னா, பாரிஸ், அப்புறம் லண்டனில் ஏடிபி பைனல்ஸ் என்று தொடர்ந்து ஐந்து பட்டம் எடுத்து, கடைசி இறுதியில் ஜோகோவிச்சையே 6-3, 6-4 என்று அடித்து நம்பர் 1 ஆக வருடத்தை முடித்தார். அந்த உழைப்புக்கு உடம்பு கேட்ட விலை இடுப்பு. 2017 விம்பிள்டனில் நொண்டிக்கொண்டே குவெரியிடம் தோற்றார், அப்புறம் அந்த வருடம் ஆடவில்லை. பின்னால் இடுப்பில் உலோகம் வைக்கிற அளவுக்குப் போனது. ஒருவர் சிகரத்தில் ஏறி நின்றதும் சரிந்தார், இன்னொருவர் ஏறுகிற வழியிலேயே உடைந்தார். மரேயை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

நெட்_கார்ட்:

பெண்கள் ஆட்டத்தில் ஸ்வியாதெக்கையும் பாருங்கள். 2024 பிரெஞ்சு ஓபன் ஜெயித்த பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஒரு இறுதிப் போட்டி கூட இல்லை. நடுவில் மாசுபட்ட மெலடோனின் மாத்திரையால் ஊக்கமருந்து சோதனையில் சிக்கி ஒரு மாதத் தடை, கோச் மாற்றம், செம்மண்ணிலேயே தோல்வி. எல்லோரும் முடிந்தது என்றார்கள். 2025ல், அவருக்கு வரவே வராது என்று சொன்ன புல்தரையில், விம்பிள்டன் இறுதியில் 6-0, 6-0. அவருக்கு முழங்கையும் இல்லை, சிகரம் தொட்ட களைப்பும் இல்லை. ஒவ்வொருவருக்கும் அந்த இரண்டு பாயின்ட் வேறு வேறு வழியாகப் போகிறது போல.

ஐந்தாவது_செட்:

எல்லோருக்கும் நன்றி. நான் தொடங்கும்போது ஒரே காரணத்தோடு வந்தேன், இப்போது அந்த உறுதி இல்லை. ஆனால் திரும்பி வந்ததைப் பற்றி எழுதாமல் விட மனம் இல்லை.

2018 பாரிஸ் கால் இறுதி. எதிரே செக்கினாட்டோ, 72ஆம் இடம். முதல் இரண்டு செட் போய், மூன்றாவதை 6-1 என்று எடுத்து, நான்காவதில் 5-2 முன்னிலை. அங்கிருந்து டைபிரேக் வரை இழுத்துக்கொண்டு வந்து, கையில் செட் பாயின்ட் இருந்தும் 11-13 என்று விட்டார். முடிந்தவுடன் நேராகப் பத்திரிகையாளர் சந்திப்புக்குப் போய், புல்தரையில் ஆடுவேனா என்றே தெரியவில்லை என்றார். நான் அன்றைக்கு என் நண்பனுக்குப் போன் செய்து, "அவ்வளவுதான்டா, இனி இவரைப் பார்க்க முடியாது" என்று சொன்னேன்.

ஆனால் அந்தத் தோல்வி இஸ்டோமினிடம் தோற்றது மாதிரியோ தீமிடம் தோற்றது மாதிரியோ இல்லை. இப்போது நினைத்தால்தான் தெரிகிறது. அந்த டைபிரேக்கில் அவர் ஒவ்வொரு பந்துக்கும் ஓடினார். 2017ல் நின்றிருந்த கால் அன்றைக்கு நிற்கவில்லை. அவ்வளவு கோபம் வந்ததே, அது வேண்டாதவனுக்கு வருகிற கோபம் இல்லை.

அதற்கப்புறம் மனைவியோடு சில நாள் பிரான்சில் மலை ஏறப் போனார். ஒரு மலை உச்சியில் உட்கார்ந்து யோசித்ததாகவும், புது மூச்சோடு டென்னிஸுக்குத் திரும்பியதாகவும் பின்னால் எழுதினார். குவீன்ஸ் கிளப் இறுதியில் சிலிச்சிடம் மேட்ச் பாயின்ட் வரை வந்து தோற்றார். அப்புறம் விம்பிள்டன். தரவரிசை 21.

அரையிறுதியில் நடால். ஆண்டர்சனும் இஸ்னரும் ஆறரை மணி நேரம் ஆடி முடிக்கும்வரை காத்திருந்து, லண்டனில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கினார்கள். நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. வீட்டில் எல்லோரும் தூங்க, டிவி சத்தத்தை அடக்கி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து பார்த்தேன். ஆளுக்கு ஒரு செட், மூன்றாவது டைபிரேக்கில். கணக்கு வாத்தியார் சொன்ன அந்த இரண்டு பாயின்ட் எங்கே விழப்போகிறது என்பதுதான் முழுக் கேள்வியும். நடாலிடம் செட் பாயின்ட் வந்தது, காப்பாற்றினார். மறுபடி வந்தது, மறுபடி காப்பாற்றினார். குவெரியிடமும் டெல் போட்ரோவிடமும் இஸ்டோமினிடமும் சுங்கிடமும் செக்கினாட்டோவிடமும் வெளியே போன பந்தெல்லாம் அன்றைக்குக் கோட்டில் விழுந்தன. 11-9. மணி மூன்றரை. இரவு பதினொன்று ஆகிவிட்டது என்று அங்கே ஆட்டத்தை நிறுத்தினார்கள். எனக்குத் தூக்கமே வரவில்லை, மொட்டை மாடிக்குப் போய் விடியும்வரை நடந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் நான்காவது செட்டை விட்டு ஐந்தாவதை 10-8 என்று எடுத்தார். மொத்தம் 5 மணி 15 நிமிடம். இறுதியில் ஆண்டர்சன், 6-2, 6-2, 7-6. செப்டம்பரில் யுஎஸ் ஓபன். நவம்பரில் மறுபடி நம்பர் 1.

இயன்முறை_மதுரை:

அந்த டைபிரேக்கில் அவர் சர்வ் போட்டதைக் கவனித்தீர்களா? முழங்கையில் உறை கிடையாது, கை முழுசாக நீள்கிறது. நானும் அன்றிரவு விழித்திருந்தேன். காலையில் எட்டு மணிக்கு முதல் நோயாளி வந்து நின்றார், ஒரு நிமிடம் தூங்கவில்லை என்றாலும் எனக்கு அசதியே தெரியவில்லை.

ஐந்தாவது_செட்:

கவனிக்கவில்லை அக்கா. நான் அவருடைய கால்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று ராத்திரி மறுபடி போட்டுப் பார்க்கிறேன், இந்த முறை கையை.

பால்பாய்_நுங்கம்பாக்கம்:

போடும்போது சொல்லுங்கள் சார், நானும் பார்க்கிறேன். நடால் எங்கே நின்று ரிட்டர்ன் எடுத்தார் என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.